அப்பா பற்றவைத்த மூடி

"யார் வைத்த பற்று இது திதி? அசையவே மாட்டேன் என்கிறதே" என்று வங்காளத்தில் கேட்டார் நிமாய் மிஸ்திரி. திதி என்றால் அக்கா.

எங்கள் குளியலறையின் நடுவில், உடைந்த டைல்ஸ் குவியலுக்கும் சிமெண்ட் மூட்டைக்கும் இடையில் அவர் குந்தியிருந்தார். குழாய் வேலை செய்பவர். என் வயதுதான் இருக்கும், ஐம்பதைத் தாண்டியவர். அவருடைய இரண்டு பாதங்களுக்கு நடுவே உள்ளங்கையில் அடங்குகிற ஒரு செப்புச் சொம்பு. மூடியைச் சுற்றி ஈயம் வைத்து அடைத்திருந்தது.

குறடால் பிடித்துத் திருகினார். வழுக்கியது. பைப் ரெஞ்சை எடுத்தார். சொம்பின் கழுத்துதான் நசுங்கியது, மூடி அப்படியே இருந்தது. நான் "சீக்கிரம், சீக்கிரம்" என்று கால் மாற்றிக் கால் மாற்றி நின்றேன்.

பக்கத்து அறையில் என் அப்பாவுக்கு மூச்சு விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது. சொம்புக்குள் இருந்தது கங்கைத் தண்ணீர்.

கடைசியில் உளியை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார். மூடி பிளந்தது. பாதித் தண்ணீர் அவர் சட்டையில் போயிற்று. மீதியை நான் பிடுங்கிக்கொண்டு ஓடினேன். குளியலறையிலிருந்து அப்பாவின் கட்டிலுக்குப் பத்தடிகூட இருக்காது. நான் போய்ச் சேர்ந்தபோது அப்பா இறந்துபோயிருந்தார்.

ஒரு வாசகியின் கேள்வி

கல்கத்தா லேக் கார்டன்ஸில் அப்பாவும் அம்மாவும் இருந்த வீட்டைப் பற்றி இந்தத் தொடரில் நிறைய எழுதிவிட்டேன். மழைக்காலத்தில் மாடிப்படி வரை ஏறிய தண்ணீர், பூஜை நாட்களில் காதைப் பிளக்கும் மைக், மீன்காரரோடு அம்மா போட்ட சண்டைகள் என்று எதையும் விட்டுவைக்கவில்லை. ஆனால் கரூரிலிருந்து ஒரு வாசகி, "உங்கள் அப்பா இறந்த நாளை மட்டும் ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டீர்களே, ஏன்?" என்று கேட்டு எழுதியிருந்தார். கெட்டிக்காரி.

காரணம் என் அத்தை. அப்பாவின் தங்கை. லால்குடியில் இருந்துகொண்டு இந்தப் பத்திரிகையை அட்டையிலிருந்து அட்டை வரை வாசிப்பவள். ஒரு வரி தவறாக எழுதினாலும் போன் வந்துவிடும். இந்த வருடம் அவளும் போய்ச் சேர்ந்தாள். அவளிடம் நான் சொன்ன ஒரு பொய்க்கு இனி காவல் தேவையில்லை.

நடு ஆற்றுத் தண்ணீர்

அப்பா துறைமுகத்தில் ஃபிட்டர். லாஞ்சுகளின் எஞ்சின்களைப் பழுதுபார்ப்பது அவர் வேலை. லால்குடிப் பக்கத்திலிருந்து இளவயதில் கல்கத்தாவுக்கு வந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் ஊருக்குத் திரும்பவில்லை.

விடுமுறைக்கு நாங்கள் ஊருக்குக் கிளம்பினால் சொந்தக்காரர்கள் கேட்பது ஒன்றே ஒன்றுதான். ரசகுல்லா இல்லை, கைத்தறிச் சேலை இல்லை. கங்கைத் தண்ணீர். வீட்டில் வயதானவர் ஒருவர் இருந்தால் ஒரு சொம்பு வைத்திருக்க வேண்டும், கடைசி நேரத்தில் வாயில் இரண்டு சொட்டு விட வேண்டும். காசிக்குப் போக முடியாதவர்களுக்கு எல்லாம் என் அப்பாதான் காசி.

அவர் அதை ஒரு தொழிற்சாலை மாதிரி நடத்தினார். கரையோரத் தண்ணீர் கூடாது. லாஞ்சில் போகும்போது நடு ஆற்றில், கடலிலிருந்து தண்ணீர் ஏறும் நேரம் பார்க்காமல், வற்றி இறங்கும் நேரம் பார்த்து வாளியை விடுவார். அப்போதுதான் மேலேயிருந்து வரும் நல்ல தண்ணீர் கிடைக்கும் என்பார். வீட்டில் இரண்டு நாள் குடத்தில் தெளிய விட்டு, நாலாக மடித்த வேட்டியில் வடிகட்டுவார். பிறகு பால்கனியில் உட்கார்ந்து ஒவ்வொரு சொம்பாக நிரப்பி மூடியைப் பற்றவைப்பார். எனக்குக் கங்கை என்றால் இன்றைக்கும் ஈயம் உருகும் வாசனைதான்.

பக்தி கிக்தி ஒன்றும் அவருக்குக் கிடையாது. "சேத்துத் தண்ணிதான். கேக்கறாங்க, குடுக்கறேன். ஆனா ஒண்ணு, நான் வெச்ச மூடி ஒழுகாது" என்பார். மெயில் ரயிலில் இரண்டு ராத்திரி உருண்டு போய்ச் சேர்ந்த சொம்பில் ஒரு பொட்டு ஈரம் இருக்காது. அதில்தான் அவருக்குப் பெருமை.

அவ்வப்போது ஊரிலிருந்து செய்தி வரும். "பெரியப்பா தவறிட்டாரு. நீங்க குடுத்த சொம்பைத்தான் உடைச்சோம்." அப்பா "மூடி நல்லா இருந்துச்சாமா?" என்று கேட்பார். அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

அந்தச் சொம்புகளை ஊரில் எப்படித் திறந்தார்கள் என்று நாங்கள் ஒரு நாளும் கேட்டதில்லை. அம்மிக் கல்லில் கவிழ்த்து வைத்து அடியில் ஆணியால் ஒரு குத்துக் குத்துவார்களாம். மூடியை யாருமே தொடுவதில்லை. லால்குடித் தாலுகாவுக்கே தெரிந்த விஷயம், சொம்பு கொடுத்த வீட்டுப் பெண்ணான எனக்குத் தெரியாது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான் என்பார்களே, கங்கை வந்து சொம்பில் உட்கார்ந்திருக்க, அப்பாவின் ஈயம் வழி விடவில்லை.

உடைத்தது நான்தான்

என் வீடு கல்கத்தாவின் இன்னொரு மூலையில், பெஹாலாவில். அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு விட்டுப்போனதிலிருந்து லேக் கார்டன்ஸிலேயே தங்கிவிட்டேன். "இவளுக்குக் காலில் சக்கரம்" என்று அம்மா சின்ன வயதிலிருந்தே சொல்வாள். ஒரு இடத்தில் பத்து நிமிஷம் உட்கார்ந்தால் எனக்கு உடம்பெல்லாம் அரிக்கும்.

படுத்திருக்கும் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து நான் என்ன செய்வது? வந்த நாலாம் நாளே குளியலறையை மாற்றிவிடலாம் என்று கிளம்பினேன். வழுக்காத டைல்ஸ், உட்கார்ந்து போகிற கமோட், சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி. அப்பா எழுந்து நடக்கும்போது எல்லாம் தயாராக இருக்க வேண்டும் என்பது என் கணக்கு.

"இருக்கறதை உடைக்காதடி" என்றாள் அம்மா. நான் கேட்டால்தானே.

நிமாய் மிஸ்திரி வந்து ஒரே நாளில் எல்லாவற்றையும் பெயர்த்துப் போட்டார். குளியலறைப் பரணில் இருந்த சாமான்களை அட்டைப்பெட்டிகளில் போட்டு வராந்தாவில் அடுக்கினேன். பழைய கழிப்பறை தனியாக இருந்ததால் தப்பித்தோம். குளிக்க மட்டும் வழியில்லை. கீழ்வீட்டு மாஷிமா, நாங்கள் சித்தி முறை வைத்துக் கூப்பிடும் வங்காளி அம்மாள், தங்கமானவர், "எங்கள் வீட்டில் வந்து குளியுங்கள்" என்றார். காலையில் அம்மா மாற்றுச் சேலையும் சோப்பு டப்பாவுமாகக் கீழே போய்வருவாள்.

அடுத்த வாரமே டாக்டர் கையை விரித்துவிட்டார். நுரையீரலில் சளி கட்டிவிட்டது, இந்த வயதில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ப் படுத்த வேண்டாம், வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்றார். நிமாய் சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டு, "வேலையை நிறுத்தவா திதி?" என்று கேட்டார். நிறுத்த வேண்டாம் என்றேன். நிறுத்தினால் எதற்காக நிறுத்துகிறோம் என்று அப்பாவுக்குத் தெரிந்துவிடும் என்று பயந்தேன்.

அப்பா இறந்த அன்றைக்குக் காலை பத்து மணி இருக்கும். அம்மா குளிக்கக் கீழே போயிருந்தாள். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தேன். திடீரென்று அப்பாவின் மூச்சு மாறியது. ஒன்று வந்து, அடுத்தது வர நேரம் எடுத்தது.

அந்த நிமிஷம் என் மண்டையில் தோன்றியது சொம்புதான். ஊரெல்லாம் கொடுத்தவருக்கு ஒரு வாய் இல்லாமல் போய்விடக் கூடாதே! நமக்கென்று ஒன்றைப் பரணில் வைத்திருந்தாரே, எந்தப் பெட்டியில் போட்டேன்? எழுந்து ஓடினேன். கொலு பொம்மைகள், குக்கர் வளையங்கள், பழைய பொங்கல் பானை எல்லாம் வராந்தாவில் பறந்தன. நாலாவது பெட்டியில் கிடைத்தது. கத்தியை விட்டு நெம்பினேன், கத்தி வளைந்தது. அதற்கப்புறம்தான் நிமாயிடம் போனது.

இரண்டு மடக்கு

அம்மா ஈரத்தலையில் துண்டோடு மேலே வந்தபோது நான் கட்டில் ஓரத்தில் சொம்போடு நின்றுகொண்டிருந்தேன். அப்பாவின் உதட்டிலும் தாடையிலும் தண்ணீர். போன பிறகு நான் விட்டது.

அவளுக்குப் பார்த்தவுடன் புரிந்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து அவர் நெற்றியில் கையை வைத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"தண்ணி குடுத்தியாடி?"

"குடுத்தேம்மா. ரெண்டு மடக்கு குடிச்சாரு."

எங்கிருந்து வந்தது இந்த இரண்டு மடக்கு என்று எனக்குத் தெரியாது. வாயில் வந்துவிட்டது. அம்மா கண்ணை மூடிக்கொண்டு, "அது போதும்" என்றாள். அப்புறம்தான் அழுதாள்.

சாயங்காலத்துக்குள் இரண்டு மடக்கு ஊரெல்லாம் பரவிவிட்டது. லால்குடி அத்தைக்கு அம்மாவே போனில் சொன்னாள். "மல்லி பக்கத்துலேயே இருந்தா. கங்கைத் தண்ணி ரெண்டு மடக்கு குடிச்சிட்டுத்தான் போனாரு." அந்தப் பக்கம் அத்தை ஓவென்று அழுதது எனக்குக் கேட்டது. "எங்கண்ணன் குடுத்து வெச்சவரு!" என்றாள். பெங்களூரிலிருந்து வந்து இறங்கிய தம்பி செந்தில் என்னைக் கட்டிப்பிடித்து, "நீயாவது இருந்தியேக்கா" என்றான். நான் அவன் தோளுக்கு மேலே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எள்ளும் எல்போவும்

மூன்று நாள் நிமாய் வரவில்லை. மூன்றாம் நாள் பால் தெளித்த பிறகு அம்மாவே கூப்பிட்டு, "பதினாறாம் நாளுக்கு இருபது பேரு வருவாங்க. குளிக்க எங்க போவாங்க? அந்த மிஸ்திரியை வரச் சொல்லு" என்றாள். சாவு வீட்டில் மறுபடியும் சுத்தியல் சத்தம் கேட்டது. கீழ்வீட்டு மாஷிமாவுக்குக்கூட அது கொஞ்சம் ஒரு மாதிரிதான் இருந்தது. அவர் வீட்டு வழக்கப்படி பார்த்தால் நாங்கள் தலைக்கு எண்ணெய் வைக்காமல் தரையில் பாய் போட்டு உட்கார்ந்திருக்க வேண்டிய நாட்கள்.

காரியங்களைச் செந்தில் பார்த்துக்கொண்டான். வீட்டை நான் எடுத்துக்கொண்டேன். உண்மையில் இரண்டையும் நான்தான் இழுத்துப் போட்டுக்கொண்டேன். இறப்புச் சான்றிதழுக்காக வார்டு அலுவலகத்தில் வரிசையில் நின்றபோது, டாக்டர் கொடுத்த காகிதத்தைக் கேட்டார்கள். கைப்பையில் கையை விட்டு டைல்ஸ் துண்டை எடுத்து நீட்டினேன். ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கலர் பொருத்தம் பார்க்க எடுத்து வந்தது என்று சொன்னபோது அவர் சிரிப்பதா வேண்டாமா என்று தவித்தார்.

இன்னொரு நாள் குழாய் வளைவுக்கு எல்போ வாங்கக் கடையில் நின்றுகொண்டிருந்தேன். குருக்களிடமிருந்து போன். காரியத்துக்கு வேண்டிய சாமான்களை அவர் சொல்லச் சொல்ல நான் வாய்விட்டுத் திருப்பிச் சொன்னேன். கடைக்காரர் எழுதிக்கொண்டே வந்தவர் நிமிர்ந்து, "முக்கால் இஞ்ச் எல்போ நாலு இருக்கிறது திதி. கறுப்பு எள் நான் வைப்பதில்லை" என்றார்.

சிரிக்கலாம். நானே அப்போது சிரித்தேன். ஆனால் எதற்காக அப்படி ஓடினேன் என்று எனக்குத் தெரியும். உட்கார்ந்தால் அம்மா கேட்பாள்.

தினமும் விளக்கு வைத்த பிறகு கேட்பாள். "கண்ணைத் திறந்து பாத்தாராடி?" பார்த்தார் என்பேன். "வாயைத் தானாத் திறந்தாரா, நீ திறந்து ஊத்துனியா?" தானாகத்தான் என்பேன். "ஏதாச்சும் சொன்னாரா?" இல்லை என்பேன். ஒவ்வொரு நாளும் அந்தப் பொய்க்கு ஒரு கை, ஒரு கால் என்று நானே வைத்துக்கொண்டு போனேன். பதில் சொன்னவுடன், "மிஸ்திரி ஏதோ கூப்பிடறாரு" என்று எழுந்துவிடுவேன். நிமாய் ஆறு மணிக்கே வீட்டுக்குப் போயிருப்பார்.

நிமாயைப் பற்றி எனக்கு வேறு பயம். அந்த நேரத்தில் நான் எங்கே நின்றேன் என்று தெரிந்த ஒரே ஆள் அவர். அம்மாவுக்கு வங்காளம் தண்ணீர் பட்ட பாடு. அவர்கள் இரண்டு பேரும் பேச ஆரம்பித்தால் முடிந்தது. அதனால் அவருக்கு டீ கொடுப்பதிலிருந்து எல்லாவற்றையும் நானே செய்தேன். "நான் குடுக்க மாட்டனா?" என்று அம்மா எழுந்தால் தம்ளரைப் பிடுங்கிக்கொள்வேன். எப்போது முடியும் என்று தினமும் அவரை நச்சரித்தேன். "ஹோயே ஜாபே, திதி" என்பார். ஆகிவிடும் என்று அர்த்தம். கல்கத்தாவில் அந்த வார்த்தையை நம்பியவர்கள் யாரும் நேரத்துக்கு வீடு கட்டியதில்லை.

பத்தாம் நாள் அத்தை வந்து இறங்கினாள். பெட்டியைக்கூட வைக்கவில்லை, சொம்பைக் கேட்டாள். அம்மா அதைச் சாமி அலமாரியில் வைத்திருந்தாள். அடியில் கொஞ்சம் தண்ணீர் இன்னும் இருந்தது. அத்தை அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு நசுங்கிய கழுத்தையும் பிளந்த மூடியையும் பார்த்தாள்.

"ஏண்டி, அடியில ஆணியால ஒரு குத்துக் குத்துனா முடிஞ்சுது. இத எதுக்கு இப்புடிக் கொதறி வெச்சிருக்க?"

"அவசரத்துல தெரியலத்த."

"இவ்வளவு நசுங்கற வரைக்கும் மல்லுக்கட்டியிருக்க, அதுக்குள்ள அவரு இருந்தாரா?"

"இருந்தாரு."

அத்தை என்னை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு, "உங்கையால குடிக்கணும்னுதான் உசுரப் பிடிச்சுக்கிட்டு இருந்திருக்காரு" என்று அவளே முடித்து வைத்தாள்.

நிமாய் சொன்னது

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என்னுடையது பதினோரு நாள் தாங்கியது.

அன்றைக்குக் குழாய் மாட்டி முடிந்தது. "ஜல் எஸே கேச்சே!" என்று உள்ளேயிருந்து நிமாய் கத்தினார். தண்ணீர் வந்துவிட்டதாம். நான் வராந்தாவில் சமையல்காரரோடு போனில் வடை எண்ணிக்கையில் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். அத்தை கோயிலுக்குப் போயிருந்தாள். அம்மா டீத் தம்ளரோடு குளியலறைக்குப் போவதை ஓரக்கண்ணால் பார்த்தேன். போனை வைக்க முடியவில்லை. சமையல்காரர் பாயசத்துக்குப் போய்விட்டார்.

அம்மா புதுச் சுவரைத் தடவிப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருக்க வேண்டும். நிமாயின் குரல் கேட்டது. அம்மாவை அவர் காகிமா என்பார், அப்பாவைக் காகாபாபு என்பார். போனைக் காதிலிருந்து எடுத்தேன்.

"எல்லாம் நல்லபடியாக முடிந்தது காகிமா. ஒன்றுதான் மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது. அன்றைக்கு என் கை கொஞ்சம் சீக்கிரம் ஓடியிருந்தால் காகாபாபுவின் வாயில் கங்கை ஜலம் போயிருக்கும். திதி இங்கே, இதோ இந்த இடத்தில் நின்று துடித்தார்கள். நான் மூடியைத் திறக்கவும் அவர் போகவும் சரியாக இருந்தது. ரெஞ்சை எடுக்காமல் முதலிலேயே உளியை எடுத்திருக்க வேண்டும். என் தப்புதான்."

அந்த மனுஷரும் பதினோரு நாளாக அதைச் சுமந்துகொண்டுதான் டைல்ஸ் பதித்திருக்கிறார். அது எனக்கு உறைக்கவே இல்லை.

அம்மா என்ன சொன்னாள் என்று என் காதில் விழவில்லை. சற்று நேரத்தில் வெளியே வந்தாள். வராந்தாவில் என்னைக் கடந்து போனாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்றைக்கும் மறுநாளும் என்னோடு ஒரு வார்த்தை இல்லை. "உப்பு டப்பா எங்கன்னு உங்கக்காகிட்டக் கேளு" என்று செந்திலிடம் சொல்வாள். நான் அங்கேதான், கையெட்டும் தூரத்தில் நின்றிருப்பேன். நான் இன்னும் அதிகமாக ஓடினேன். மாடியைக் கழுவினேன், கடன் வாங்கிய பாய்களை உதறினேன், சரியாக இருந்த கம்பியைக் கழற்றி இரண்டு அங்குலம் கீழே மாட்டச் சொன்னேன். நிமாய் மறுபேச்சில்லாமல் மாட்டினார்.

உக்காரு

பன்னிரண்டாம் நாள் சாயங்காலம் அம்மா புதுக் குளியலறையில் முதல்முறையாகக் குளித்தாள். வெளியே வந்து, அப்பா படுத்திருந்த அறைக்குப் போய், மெத்தை எடுத்த வெறுங்கட்டிலில் உட்கார்ந்தாள்.

"மல்லி. இங்க வா."

"அடுப்புல பால் இருக்கும்மா."

"செந்தில் பாத்துப்பான். வந்து உக்காரு."

உட்கார்ந்தேன். கட்டில் பலகை குளிர்ந்திருந்தது. அம்மா திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் மெதுவாகத்தான் பேசினாள்.

"தண்ணி கெடக்குதுடி. அவருக்கே அதுல நம்பிக்கை கிடையாது. எனக்கு மட்டும் என்ன? நீ ரெண்டு மடக்குன்னு சொன்னப்ப நான் தண்ணியவா நெனச்சேன்? நான் கீழ போய் வேற வீட்டுல குளிச்சுக்கிட்டு இருந்தாலும் நீ பக்கத்துல இருந்தேன்னு நெனச்சேன். அதை நெனச்சுத்தான் இத்தன நாளும் சோறு தின்னேன், தூங்குனேன்."

பன்னிரண்டு நாளாகத் தொண்டையில் கிடந்ததைச் சொன்னேன். "நான் இந்த ரூமை உடைக்காம இருந்திருந்தா நீ கீழயே போயிருக்க மாட்ட."

"ஆமா. போயிருக்க மாட்டேன்" என்றாள் அம்மா.

அவ்வளவுதான். உன் தப்பில்லை என்றெல்லாம் அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்கவும் மாட்டேன். லேக் கார்டன்ஸ் ஸ்டேஷனில் ஒரு லோக்கல் ரயில் வந்து நின்று போயிற்று.

"உங்கத்தகிட்ட இதச் சொல்லாத" என்றாள் பிறகு. "அவளுக்கு ரெண்டு மடக்காவே இருந்துட்டுப் போகட்டும்."

"சரிம்மா."

"எனக்கு மட்டும் நெசத்தச் சொல்லு. நீ எந்திரிச்சுப் போறப்ப முழிச்சிருந்தாரா?"

"இருந்தாரு."

"ஏதாச்சும் சொன்னாரா?"

இதை நான் அதுவரை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. செந்திலிடம் இல்லை, என் வீட்டுக்காரரிடம்கூட இல்லை.

"எங்கம்மா போறன்னு கேட்டாரு."

அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"நீ என்ன சொன்ன?"

"இதோ வந்துட்டேம்ப்பான்னு சொன்னேன்."

அம்மா தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்படின்னா நீ வருவன்னு வாசலப் பாத்துக்கிட்டுத்தான் போயிருப்பாரு" என்றாள். அதை எனக்கு ஆறுதலாகச் சொன்னாளா, குத்திக் காட்டினாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அவள் மடியில் தலையை வைத்து அழுதேன். அப்பா போன பிறகு நான் அழுதது அன்றைக்குத்தான். பால் பொங்கி வழிந்த வாடை வந்தது, நான் எழுந்திருக்கவில்லை.

அம்மா சொன்னது சரி. நான் சொம்போடு திரும்பி வந்தபோது அப்பாவின் தலை தலையணையை விட்டு இறங்கி, முகம் வாசல் பக்கம் திரும்பியிருந்தது. கண் திறந்திருந்தது. அம்மா வருவதற்குள் நான்தான் கண்ணை மூடி, தலையை நேராக்கி வைத்தேன். இதை மட்டும் அன்றைக்கும் நான் அவளிடம் சொல்லவில்லை.

அம்மாவுக்கு இப்போது பார்வை மங்கிவிட்டது. இந்தத் தொடரை வாராவாரம் நான்தான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுகிறேன். இந்த வாரமும் ஒரு வரி விடாமல் வாசிக்கப் போகிறேன்.